பதினொன்றும் இருபதும்

“நாலு... எட்டு... இன்னொரு எட்டு... சைபர்...”

“எட்டு ரெண்டு தடவையா?”

“ரெண்டு தடவைதான். காது அடைச்சிருக்கா?”

“இல்ல, இங்கன லாரி போகுது. சொல்லு.”

“ஒண்ணு. அஞ்சு. அம்புட்டுத்தான். வைக்கவா?”

வைக்காதே என்று சொல்ல அழகுமலை வாயைத் திறப்பதற்குள் பவுனு வைத்துவிட்டாள். லாரி ஒன்றும் போகவில்லை. கோம்பைக் கடைவீதியில் அந்த மத்தியான வெயிலில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. அவர் கையிலிருந்த சீட்டில் ஐந்து எண்களை ஒழுங்காக எழுதி, கடைசி அஞ்சை மட்டும் நிதானமாக ஆறாக்கி, கம்ப்யூட்டர் சென்டர் பாண்டீஸ்வரியிடம் நீட்டினார்.

பாண்டீஸ்வரி சீட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

“தப்புன்னு வருதுண்ணே.”

“அப்படியா? கடைசி நம்பரு சரியாக் கேக்கல போல. இன்னொண்ணு அனுப்பு தாயி, திரும்பக் கேட்டுக்கிறேன்.”

“போன மாசமும் கடைசி நம்பருதான் கேக்கலைன்னீக.”

“வயசாகுதுல்ல.”

அவள் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, வழக்கம்போலத் தன் போனை எடுத்துக் குனிந்துகொண்டாள். கட்டைவிரல் ரெண்டும் பறந்தன. போடியில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. ஓடிபி வருகிற ரெண்டு நிமிஷம்கூடப் பொறுக்காமல் அந்தப் பையனுக்கு மெசேஜ் அனுப்புகிறாள் என்று அழகுமலை நினைத்துக்கொள்வார். தப்பில்லை. பொறுக்க முடியாத நிலைமை என்னவென்று அவருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். ஜிஎஸ்டி வந்த புதிதில் கடையைப் பதிவு செய்யப் போனபோது, உத்தமபாளையத்துச் சோசியர் ஒருவர் அழகுமலையின் ராசிக்கு இரும்பு ஆகாது என்று சொல்லிவிட்டார். கடையில் விற்பதோ திராட்சைப் பந்தலுக்குக் கம்பி. இரும்பு ஆகாதவன் கம்பி விற்றால் விளங்குமா? ஆகவே கடை மனைவி பேரில் போனது. பவுனு டிரேடர்ஸ். பான் கார்டு அவளுடையது, ஆதார் அவளுடையது, போன் நம்பர் அவளுடையது. அழகுமலைக்குச் சொந்தம் என்று இருந்தது கல்லாவுக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலி மட்டும்தான்.

ரெண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது, “இந்தக் கம்பிய எறக்காதீக, மட்டமா இருக்கு, ஒரு மழைக்குத் தாங்காது” என்று பவுனு ஒரு வார்த்தை சொன்னாள். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாளே என்று அழகுமலைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஒம் பேரு போர்டுக்கு மட்டுந்தான். வாய மூடிட்டு இரு” என்றார்.

அவள் மூடினாள். மறுநாள் காலை கம்பம்மெட்டு ஜீப்பில் ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் அவள் அண்ணனுடைய ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டாள். கம்பி அந்த ஐப்பசி மழைக்கே துருப்பிடித்தது.

துரு ஏறிய கம்பியைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன்மேல் வர வேண்டிய கோபம் போர்டின்மேல் வந்தது. பவுனு டிரேடர்ஸ் போர்டை இறக்கி, அழகுமலை டிரேடர்ஸ் என்று எழுதி மாட்டினார். அந்த வீரமெல்லாம் கடைவீதியோடு சரி. கம்ப்யூட்டருக்குள் கடை இன்னும் பவுனு டிரேடர்ஸ்தான். மாதம் ரெண்டு தடவை கணக்கு ஏற்ற வேண்டும், ஏற்றுகிறபோது ஓடிபி வேண்டும், ஓடிபிக்கு அவளைக் கூப்பிட வேண்டும். மலையில் டவர் சரியில்லை என்பதால் அண்ணன் வீட்டு வைஃபையில், வாட்ஸப்பில்தான் எடுப்பாள். பதினொன்றாம் தேதி ஒரு அழைப்பு. இருபதாம் தேதி ஒரு அழைப்பு. ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் கூடுதலாக ஒன்று.

மற்றபடி ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மகன் மகிழன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான். “ரெண்டு பேரும் என்னைய நடுவுல நிக்கிற டவராக்காதீக” என்று முதல் மாதமே சொல்லி ஒதுங்கிவிட்டான்.

ஆறு எண்ணில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். அழகுமலைக்கு எல்லாம் தெரியும். ஏழு என்று இழுத்தால் அங்கே குளிர். எட்டைக் கடித்துத் துப்பினால் அண்ணன் பெண்டாட்டியோடு ஏதோ சடவு. ஒரு பதினொன்றாம் தேதி அவள் ரெண்டு எண்ணுக்கு நடுவில் இருமினாள். ஒன்பது நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபதாம் தேதி இருமல் இல்லை. அன்றைக்குக் கடைக்கு வந்தவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது புதிதாக ஒரு கவலை. அவள் பேச்சில் நடுவே நடுவே ‘பின்னே’ என்று ஒரு மலையாளம் வருகிறது. மலை அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. அவள் இல்லாமல் அவருக்கு முடியவில்லை. ராத்திரி ரெண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிற மனுஷன் அவர். வா என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

“மூணு மாசத்துக்கு ஒருக்காக் கணக்குப் போடுற வசதி இருக்குண்ணே, மாத்திருவமா?” என்று பாண்டீஸ்வரி ஒரு தடவை கேட்டாள்.

“மாசாமாசம் போட்டாத்தான் கவருமெண்டுக்கு மருவாதி” என்று சொல்லிவிட்டார்.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஓடிபி வராமல் போனது. வீரபாண்டித் திருவிழா சமயம். ராட்டினத்திலிருந்து தன் போன் விழுந்து நொறுங்கி, பாண்டீஸ்வரி அழுதுகொண்டிருந்த வாரம். “எனக்கு ஒண்ணும் வரலையே” என்றாள் பவுனு. அந்த மாதம் தாமதமானதற்கு அபராதம் கட்டினார். காசு போனதைவிட, ஆறு எண் போனதுதான் அவருக்கு ஆறவில்லை.

ஆச்சு. இந்த இருபதாம் தேதி ரெண்டாவது ஓடிபியும் வாங்கி, சரியாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் போனவரைப் பாண்டீஸ்வரி நிறுத்தினாள்.

“அண்ணே, ஒரு நோட்டீசு கெடக்கு.”

“எங்கன?”

“போர்ட்டல்லதான். வந்து இருபத்துமூணு நாளாச்சு. இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லணுமாம்.”

“என் கையில யாரும் குடுக்கலையே. போஸ்ட்மேன் நேத்துக்கூடக் கடையில தண்ணி குடிச்சிட்டுப் போனாரு.”

“இப்பல்லாம் போர்ட்டல்ல போட்டா கையில குடுத்த மாதிரிதாண்ணே.”

“நான் பாக்கலைன்னா?”

“பாக்கலைன்னாலும் பாத்த மாதிரிதான்.”

“நல்ல கூத்தா இருக்கே. பத்திரிகையப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிட்டு, கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு கேக்குற கணக்கா இருக்கு” என்றார் அழகுமலை. “என்னதான் போட்டிருக்கு?”

விலாசத்தில் அதிகாரி வந்து விசாரித்திருக்கிறார். பவுனு டிரேடர்ஸ் என்று ஒரு கடையே அங்கே இல்லை. இல்லாத கடையின் பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது? உரிமையாளர் பவுனு பதில் சொல்லவும்.

அழகுமலை கணக்குப் போட்டுப் பார்த்தார். பதிவு போனால் ஓடிபி போகும். ஓடிபி போனால் பதினொன்றாம் தேதியும் இருபதாம் தேதியும் மற்ற தேதிகளைப் போல வெறும் தேதி ஆகிவிடும்.

“போர்டு மாத்துனதாலதான வந்துச்சு? திரும்ப மாத்திட்டாப் போச்சு” என்று எழுந்தார்.

பெயிண்டர் சின்னக்கருப்பு சுவர் விளம்பரம் எழுதிக் கை பழகியவன். சின்னதாக எழுது என்றால் அவனுக்குக் கோபம் வரும். விடிந்து பார்த்தால் கடை நெற்றி முழுக்கப் பவுனு டிரேடர்ஸ். ரெண்டு பக்கமும் தாமரை. கீழே, ‘உரிமையாளர்: திருமதி பவுனு அழகுமலை.’ அதற்கும் கீழே, அவனாகப் பிரியப்பட்டு, ‘வருக வருக.’

“வருக வருக யாருடா எழுதச் சொன்னது?”

“எடம் மிச்சம் இருந்துச்சுண்ணே.”

கோம்பைக்கு அது போதாதா? பவுனு வந்துவிட்டாள் என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. பூக்காரப் பஞ்சம்மாள் ரெண்டு முழம் மல்லிகையைக் கல்லாவில் வைத்துவிட்டு, “ஆத்தா கையில குடுத்திருங்க” என்று போனாள். நாலு மணிக்கு ராயப்பன்பட்டியிலிருந்து அழகுமலையின் அக்கா மொக்கம்மாள் தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்போடு வந்து இறங்கினாள்.

“எங்கடா அவ?”

“வரலக்கா.”

“வராமயா வருக வருகன்னு எழுதியிருக்க?”

அழகுமலை நோட்டீசு கதையைச் சொன்னார். மொக்கம்மாளுக்குப் பாதி புரிந்தது. குழம்பு வீணாகக் கூடாது என்பது மட்டும் முழுதாகப் புரிந்தது.

அதற்குள் பாண்டீஸ்வரி வந்து போர்டைப் படம் எடுக்க நின்றாள். “உரிமையாளரு போர்டுக்குக் கீழ நிக்கிற மாதிரி போட்டோ கேக்குறாகண்ணே” என்றாள்.

அழகுமலை வீதியின் ரெண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“அக்கா, அங்கன கொஞ்சம் நில்லு. தலையில முந்தானையப் போட்டுக்க. வெயிலா இருக்கு.”

“அண்ணே, இது தப்பு” என்றாள் பாண்டீஸ்வரி.

“நான் என்ன இதுதான் பவுனுன்னா சொன்னேன்? கடை போட்டோன்னு போடு. கடையில ஒரு பொம்பள நிக்கிறா. கடைன்னா நாலு பேரு நிக்கத்தான செய்வாக?”

பதிலோடு படம் போனது. அதை ஏற்றவும் ஒரு ஓடிபி தேவைப்பட்டதில் அழகுமலைக்கு உள்ளூரச் சந்தோஷம். தேதி இல்லாத தேதியில் அவள் குரல்.

“இன்னைக்கு இருபத்தொண்ணு. இன்னைக்கு எதுக்கு?” என்றாள் பவுனு.

“ஒரு பதில் போடணும்.”

“யாருக்கு?”

“கவருமெண்டுக்கு.”

“கவருமெண்டுக்காவது போடுறீகளே. எழுதிக்கங்க. ரெண்டு, சைபர்...”

அந்த வார்த்தை அவரைக் குத்தியது. குத்தியதோடு சரி, அவர் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் அடுத்த நோட்டீசு வந்தது. இந்த முறை பாண்டீஸ்வரி உடனே பார்த்துவிட்டாள். படத்தில் நிற்பவர் ஆதார் படத்தில் இருப்பவர் இல்லை. ஆகவே வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் கடைக்கு வருவார். உரிமையாளர் கடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து.

“இன்னும் ரெண்டு நாளுதாண்ணே இருக்கு. அக்காவ வரச் சொல்லுங்க” என்றாள் பாண்டீஸ்வரி.

“வரச் சொல்லணும்.”

“போன் போடுங்க.”

“போடணும்.”

ஓடிபி இல்லாமல் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பிச் சுருளுக்குப் பின்னால் போய் நின்று, மூன்று தடவை அழுத்தப் போய் மூன்று தடவை கையை எடுத்தார். நாலாவது தடவை அதுவாக அழுந்திவிட்டது.

“என்ன? இன்னைக்குத் தேதியும் இல்ல, ஓடிபியும் வரல.”

“இல்ல... நோட்டீசு வந்திருக்கு.”

“போர்டுல எம் பேரு ஏறியிருக்காமே. ஜீப்பு சுருளிராஜன் சொன்னாக.”

“ஆமா.”

“தாமரையெல்லாம் போட்டு.”

“ஆமா. அது சின்னக்கருப்பு...”

“அடியில ஒங்க அக்கா நின்னாகளாமே.”

அழகுமலை கம்பிச் சுருளை நகத்தால் சுரண்டினார்.

“எம் பேரு போர்டுக்கு. நிக்க ஒங்க அக்கா. பின்னே நான் எதுக்கு? அவுகளையே வரச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவர் கடையைச் சீக்கிரம் சாத்தினார். மறுநாள் காலை கம்பம் போய், மலையிலிருந்து ஜீப் வந்து நிற்கிற இடத்தில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஒன்பது ஜீப் வந்தது. ஏலக்காய் மூட்டை இறங்கியது, கூலிக்குப் போனவர்கள் இறங்கினார்கள், ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் இறங்கியது. ஒவ்வொரு ஜீப்புக்கும் எழுந்து நின்று உட்கார்ந்ததில் முழங்கால் வலித்ததுதான் மிச்சம். பிடித்துவைத்த கோழி எத்தனை நாள் கூட்டில் அடையும்? விட்டுவிடுவதுதான் மரியாதை என்று திரும்பிவரும் பஸ்ஸில் முடிவு செய்தார். கண் கலங்கியதை யாரும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேராகப் பாண்டீஸ்வரியிடம் போனார்.

“தாயி, அந்தப் பதிவ நாமளே ரத்து பண்ணிருவம்.”

“அண்ணே?”

“அவ பேர எடுத்துரு. எம் பேருல புதுசாப் போடு. எம் போன் நம்பரப் போடு. மாசம் ரெண்டு தடவை அவள இழுத்துவச்சு நம்பரு கேக்குறது பாவம். இரும்பு ஆகலைன்னா ஆகாமப் போகட்டும்.”

பாண்டீஸ்வரி அவரையே பார்த்தாள். “ரத்து பண்ணவும் அக்காவோட ஓடிபி வேணும்ணே.”

“வேணுமா?” என்றார். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு மறுபடி விழுந்தது. “சரி, அனுப்பு. கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிறேன்.”

அவள் தட்டினாள். பிறகு போனை எடுத்துக் குனிந்துகொண்டாள். இன்றைக்கு மெசேஜ் கொஞ்சம் நீளம்.

பவுனு உடனே எடுத்தாள்.

“இதுதான் கடைசி ஓடிபி. பதிவ ரத்து பண்ணப் போறேன். இனிமே ஒனக்குத் தொந்தரவு இருக்காது” என்றார் அழகுமலை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்துவைத்த வாசகம் அது. அதற்குமேல் ஒத்திகை இல்லை. “ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். அன்னைக்குக் கம்பி துருப்பிடிச்சுத்தான் போச்சு.”

பவுனு வேறொன்று கேட்டாள்.

“அந்த நோட்டீசுல மொதலாளி யாருன்னு போட்டிருக்கு?”

“நீன்னுதான்.”

“அது கவருமெண்டு சொல்றது. நீங்க என்ன சொல்றீக?”

பாண்டீஸ்வரி கம்ப்யூட்டரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகுமலை தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நானும் அதேதான் சொல்றேன். நீதான் மொதலாளி. நீ இல்லாம அது கடையா பவுனு, இரும்புக் குடோனு.”

மலையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு எண்கள் வந்தன.

“எழுதிக்கங்க. மூணு... மூணு... ஒம்பது... ஒண்ணு... ஆறு... ரெண்டு.”

இந்த முறை எதையும் மாற்றாமல் அவர் ஆறு எண்ணையும் முதல் தடவையிலேயே சரியாக எழுதினார். பாண்டீஸ்வரி தட்டினாள்.

“தப்புன்னு வருதுண்ணே.”

“நான் சரியாத்தான எழுதுனேன். பவுனு, இன்னொண்ணு வரும், பாத்துச் சொல்லு.”

“வந்திருச்சு. அஞ்சு... ஏழு... ஏழு... சைபர்... நாலு... நாலு.”

தப்பு.

“மூணாவதும் தப்பாப் போச்சுன்னா இன்னைக்குப் பூட்டிக்கிரும்ணே” என்றாள் பாண்டீஸ்வரி.

“பவுனு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசி. இதோட பூட்டிக்கிருமாம்.”

“பூட்டிக்கிருமா? பின்னே நிதானமாத்தான் சொல்லணும். எட்டு... ஒண்ணு... ஒண்ணு... ஆறு... மூணு... ஒம்பது. ஆமா, அந்த ஆபீசரு நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான வர்றாக?”

“ஆமா. அதுக்கு இப்ப என்ன?”

“சும்மாதான் கேட்டேன்” என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவதும் தப்பு. திரை சிவப்பாகி, நாளைக்கு வா என்றது. கேட்டதெல்லாம் சரியாக எழுதியும் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அழகுமலை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று வரிசை எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்தக் கவலையில் தன் சொந்தத் துக்கம்கூட அவருக்கு மறந்துபோனது.

“மூணு தடவையும் தப்பா வாசிக்கிறாளே. மலையில இருந்து இருந்து அவளுக்குக் கண்ணு கெட்டுப்போச்சா தாயி? நாளைக்கே தேனிக்குக் கூட்டிட்டுப் போயி காட்டணுமே” என்றார்.

பாண்டீஸ்வரி தன் போனை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் மூன்று ஓடிபியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. சீட்டில் எழுதியிருந்த எதுவும் அதில் இல்லை.

“அக்காவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குண்ணே. மலையில மெசேஜ் வராதுன்னு ரெண்டு வருசமா ஓடிபி எம் போனுக்குத்தான் வருது. ‘நீயே போட்டுராத தாயி, எனக்கு அனுப்பு, அந்த மனுசன் என்னையக் கூப்பிட வேற காரணம் வச்சிருக்கல’ன்னு சொல்லி நம்பர மாத்திக் குடுத்துட்டுப் போனதே அக்காதான்.”